லான் வீட்டில் என் கால்

31 ஜனவரி 1995, செவ்வாய், பேர்லின்

மேல்வீட்டு வியட்நாம்காரி லான், தங்கள் புதுவருடத்துக்கென்று பயறு வைத்து இலையில் பொதிந்து அவித்த சோற்றுக்கட்டியை நேற்று ஒரு தட்டில் தந்தாள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று காலையில் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் வழக்கம்போல உள்ளே நுழைந்துவிட்டேன்.

லானின் புருஷன் என் காலையே பார்த்தான். இன்றுதான் அவர்களுக்குப் புதுவருடம். முதலில் காலடி வைப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க அந்த வீட்டுக்காம். அதற்கென்றே பணக்கார மாமா ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் இன்னும் ரயிலில். வைத்த காலை வெளியே எடுக்கப் பார்த்தேன்.

"எந்த வருசம் பிறந்தனீங்கள்?" என்று லான் டொச் மொழியில் கேட்டாள்.

"அறுபத்துமூன்று."

அவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மிருகத்தின் பெயராம். விரல் மடித்து எண்ணினாள். "பூனை வருசம்! இது பன்றி வருசம். நல்ல பொருத்தம்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். பிந்தி வந்த மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நாலு வடை சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட அகதி விண்ணப்பத்தை ரெண்டு தரம் நிராகரிச்சதை அவையளுக்குச் சொன்னனீரோ?"

சொல்லவில்லை. அவர்களுடைய விசாவுக்கும் இந்த வருடம்தான் பதில் வருமாம். இருக்கிற ராசியும் போய்விடாதபடி இன்றைக்குக் கால் கழுவாமலே படுக்கப் போகிறேன்.