எலுமிச்சை மரத்தடி மண்

என் செல்ல வாலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் மனசாட்சிக்கு மட்டும் பத்து நாளாக உடம்பு சரியில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கண் எரிச்சல் குறைந்ததா என்று கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் சுற்றி வளைத்தால் கடைசிவரை சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். போன மாதம் நான் உனக்கு அனுப்பிய மண் நம் வீட்டு மண் இல்லை. டயர் கடை வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த குவியலில் அள்ளியது.

திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியைப் படி. நீ கேட்டது பின்பக்கத்து எலுமிச்சை மரத்தடி மண். அந்த மரம் இப்போது இல்லை. போன வருஷம் நீ லீவு முடிந்து கிளம்பிய மறுவாரமே வெட்டிவிட்டு, ஸ்கூட்டர் நிறுத்த டைல்ஸும் போட்டுவிட்டேன். அவ கேட்டா நான் வாயே தொறக்கமாட்டேன், நீங்களே பதில் சொல்லிக்கோங்க என்று அம்மா அப்போதே கைகழுவிவிட்டாள். நீ வீடியோவில் மரத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் சிக்னல் இல்லை என்று போனை ஆட்டினேனே, அது சிக்னல் கோளாறு இல்லை, என் கோளாறு. அதனால்தான் இதையும் போனில் சொல்ல வாய் வராமல் காகிதத்தில் எழுதுகிறேன். உங்கள் லேபில் ஃபிரீசர் பழுதாகி, நீ பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்த கிருமியெல்லாம் செத்துவிட்டது, அதே இடத்து மண் மறுபடி வேண்டும் என்று நீ அழாத குறையாகக் கேட்டபோது உடனே சரி என்றுவிட்டேன். மண்ணுக்கு மண் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரனுக்கு மூக்குக்குக் கீழே இருப்பது தெரியவில்லை.

தெரியாது என்றும் சொல்ல முடியாது, நீதான் பொறுமையாகச் சொல்லித் தந்திருக்கிறாயே. மண்ணுக்குள் அந்தப் பொடிசுகள் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மல்லுக்கட்டுகின்றன, பக்கத்து வீட்டுக்காரனை வளரவிடாமல் செய்ய ஒவ்வொன்றும் ஒரு சரக்கைச் சுரக்கிறது, அதில் ஒன்றின் சரக்கைப் பிரித்தெடுத்து ரத்தப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டால், கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டிருந்தவை அப்படியே நின்றுவிடுகின்றன என்று. ஒரு பெட்டியோடு வந்து, பிறகு ஆளாளுக்கு ஆள் கூட்டிவந்து வீட்டையே அடைத்துக்கொள்கிற விருந்தாளியை, இனி ஒருத்தர்கூட வரக்கூடாது என்று வாசலிலேயே மறிக்கிற வேலை என்று நான் புரிந்துகொண்டேன். இதெல்லாம் இப்போதைக்குக் கண்ணாடித் தட்டிலதாம்பா, மருந்தா வர எத்தனையோ வருஷமாகும், வராமலும் போகலாம், யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க என்றாய். அன்று சாயங்காலமே நான் சலூன்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். எங்க வீட்டு மண்ணு, நான் தோண்டி அனுப்பினது என்று நாற்காலியில் சுழன்று சுழன்று சொன்னேன். அவர் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அவர் மனைவிக்கு அதே வியாதி என்று எனக்கு அதுவரை தெரியாது. பாப்பா எப்பண்ணே கொண்டுவரும், சும்மா ஒரு உத்தேசமா சொல்லுங்களேன் என்று கேட்டார். அதிலிருந்து எண்ணி முப்பது முடி இருக்கிற என் தலைக்கு முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். ஆஸ்பத்திரியில் சொல்வதை விடாமல் கேளுங்கள், என் மகளுடையது இன்னும் மருந்தே இல்லை என்று ஒருநாள் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். பரவால்லண்ணே, யாரோ பாக்குறாங்கல்ல, அது போதும் என்றார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லையம்மா, இப்போது தெருவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

அதைக்கூட எப்படியோ விழுங்கிக்கொண்டேன். பத்து நாள் முன்னால் நீ போனில், நாப்பது தட்டு பாத்துட்டேம்பா, கிடைக்கவே இல்ல, என் கைதான் சரியில்லையோ, மொதல்லயே தப்பாப் பாத்துட்டேனோன்னு பயமா இருக்கு என்றாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. உன் கையில் ஒரு குறையும் இல்லை. டயர் கடை வாசலில் போய் எலுமிச்சை மரத்தடிக் கிருமியைத் தேடினால் அது எங்கிருந்து வரும்? பொய் சொன்னவன் நான், சந்தேகம் உன்மேல் உனக்கு. போன ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தேன். நாலு டைல்ஸும் என் கட்டைவிரல் நகமும் உடைந்தன. முழங்கை ஆழம் தோண்டி, பழைய வேரில் ஒட்டியிருந்த மண்ணை நீ சொன்னபடி கொதிக்கவைத்த ஸ்பூனால் எடுத்து, புதுப் பையில் போட்டு, மண் அனுப்புவதற்கு நீ வாங்கித் தந்த அனுமதிச் சீட்டையும் ஒட்டி இதோடு அனுப்புகிறேன். உன் லேப் மேடத்திடம் தப்பெல்லாம் எங்கப்பாவுடையது என்று தாராளமாகச் சொல், இதில் எனக்கு மானம் மரியாதை பார்க்கிற உரிமை இல்லை.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே, பார்சல் கைக்கு வந்ததும் திட்டுவதற்காகவாவது ஒரு போன் போடு.

இப்படிக்கு,
சொந்த வீட்டையே உடைத்த உன் அப்பா

பின்குறிப்பு: உள்ளே இரண்டாவதாக ஒரு பை இருப்பதைப் பார்த்துக் குழம்பாதே. ஒட்டுவதற்கு முன்னால் அம்மா இந்தக் கடிதத்தைப் படித்தாள். மூன்று வருஷம் முன்பு நீ முதன்முதலாக மண் கேட்டபோது, குனிந்தால் இடுப்பு பிடிக்கும் என்று நான் அந்த வேலையை அவள் தலையில் கட்டியிருந்தேன். அன்னிக்கு நல்ல மழை, சேத்துல மரத்தடிக்கு யாரு போறது, மாடிப்படி ஓரத்து ரோஜாத் தொட்டியிலிருந்துதான் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டேன் என்கிறாள்.