பிஷப் நடத்திய போர்டிங்

செப்ரெம்பர் 28, ஞாயிறு

சேர்ச் மண்டபத்தில் தொங்கிய பழைய பிஷப்பின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். காரணத்தைத் தமிழில் எழுதி ஒட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் கட்டிய வெள்ளைக்காரர், பிறகு நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இந்த நாட்டுக்குப் பிஷப்பாக வந்து, இங்குள்ள பூர்வகுடிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் பள்ளிகள் நடத்தியவர். அதற்கு வேறு சொல் வராமல் 'போர்டிங்' என்று எழுதித் தொலைத்தேன்.

ஒட்டுவதற்கு முன்பே அப்பா அதை வாசித்துவிட்டுக் கொதித்தார்.

"போர்டிங் நடத்தினதுக்கோ படத்தைக் கழட்டினவை? நானும் அவர் கட்டின போர்டிங்கிலதானே படிச்சனான்!"

மோர்னிங்சைட் சந்தி வரும்வரை காரில் விளக்கினேன். பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனதை, சொந்த மொழி பேசியதற்கு அடித்ததை, பலர் திரும்பி வராததை.

சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமையில தாய்மார் பார்க்க வாறதில்லையோ?"

"தாய்மாரை உள்ளுக்கு விடேல்லை, அப்பா."

வீட்டுக்கு வந்தும் கோட்டைக் கழற்றாமல் தன் அறைக் கதிரையில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

போர்டிங் என்பதை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் எழுத இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. அறைக்குள்ளிருந்து அப்பா தனக்குத்தானே சொல்வது கேட்கிறது.

"என்ர அம்மா ஒரு ஞாயிறும் வராமல் விடேல்லை."