மயக்கம் என்று நான் சொன்னது

கரோல் பாக், டெல்லி,
செப்டம்பர் 9

ராஜவேல் அவர்களுக்கு,

மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இங்கே நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. படி இறங்கி, காய்க்காரரிடம் தானே 'பையா, ஜல்தி' என்று அதட்டி வாங்கி வருகிறார். நீங்கள் வேலை பார்க்கும் மலையில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பார்சலில் வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் என் வாக்கியத்தை முடித்துவிடுகிறீர்கள். தாளில் அது முடியாது.

எனக்கு வலிப்பு இல்லை.

ஐந்து மாதம் மாத்திரை தின்றேன். வலிப்பு இல்லை.

ஏப்ரலில் நடந்ததை ஒருமுறை நானே சொல்கிறேன். இதுவரை நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அறை சுழன்றது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம்கூட இருக்காது. பிறகு வாந்தி. அவ்வளவு நேரமும் எனக்கு நினைவு இருந்தது. பால்கனியில் நீங்கள் உங்கள் நண்பர் ஜெயசீலனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. கூப்பிட்டேன். நீங்கள் வந்தபோது நான் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். மயக்கமாக வருகிறது என்று நான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் அவரிடம் பேஹோஷ் ஆகிவிடுகிறாள் என்றீர்கள். பேஹோஷ் என்றால் நினைவு தப்புவது என்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் இந்தியை நம்பி உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் தலை சுற்றினாலும் மயக்கம்தான், விழுந்தாலும் மயக்கம்தான். அது சொல்லின் குற்றம். சரி. அதை மன்னிக்கலாம்.

கை கால் இழுத்ததா, நீங்கள் பார்த்தீர்களா என்று அவர் அடுத்ததாகக் கேட்டாராம். ஆமாம் என்றீர்களாம். ஆட்டோவில் வரும்போது நீங்களே சொன்னீர்கள்: ஆமான்னு சொன்னாத்தான் இவனுங்க சீரியஸா பார்ப்பானுங்க, எனக்கு லீவு மூணு நாள்தான் இருக்கு.

சீரியஸாகத்தான் பார்த்தார்கள்.

நீங்கள் ரயில் ஏறிய மறுநாள் அத்தை குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். ஐந்து மாதமாக நான் குளிக்கும்போது வெளியே நின்று, வைஷ்ணவி, இருக்கியா என்று கேட்கிறார். இருக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டே குளிக்கிறேன். தலையணைக்கடியில் சாவிக்கொத்து. ஒருநாள் தலை சுற்றியபோது அதை என் கையில் திணித்து, இரும்பைப் பிடி, இரும்பைப் பிடி என்று கத்தினார். பிடித்தேன். வீடு சாவியோடு சேர்ந்து சுற்றியது. அவர்மேல் கோபம் இல்லை. மகன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னதை நம்புகிறார்.

மாத்திரை தின்றால் மதியம் வரை தூக்கம். படித்த வரியையே படிக்கிறேன். பள்ளியில் தமிழாசிரியை வேலைக்குத் தேர்வானவள் நான். பிள்ளைகளோடு வகுப்பில் தனியாக நிற்கிற வேலை, வலிப்பு என்று எழுதியிருக்கிறதே என்று மருத்துவத் தகுதிச் சான்றிதழைத் திருப்பித் தந்தார்கள். முதல்வர் பாலசுப்ரமணியம் நல்லவர். இம்மாதம் முப்பது வரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குமேல் என் கையில் இல்லையம்மா என்றார்.

போன புதன்கிழமை அத்தையிடம் நூலகம் என்று பொய் சொல்லிவிட்டு, கோல் மார்க்கெட் பக்கம் ஒரு காது டாக்டரிடம் தனியாகப் போனேன். வயதான பஞ்சாபி அம்மாள். யாரும் கூட வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அச்சா, அப்படியென்றால் நீயே சொல்லு என்றார்.

பேசுமளவு என்னிடம் இந்தி இல்லை. விரலை உயர்த்தி வட்டம் போட்டேன். சக்கர் ஆத்தா ஹை என்றார்.

சக்கர். சக்கரம். எங்கள் வீட்டுச் சொல்.

பிறகு சைகையோடு, எளிய இந்தியில் கேட்டுக்கொண்டே போனார். நிற்கும்போதா, புரளும்போதா. எந்தப் பக்கம். எத்தனை விநாடி. காது இரைகிறதா. மங்கலாகத் தெரிகிறதா. அந்த நேரம் உனக்குச் சுற்றி நடப்பது தெரியுமா. எல்லாம் தெரியும் என்றேன். எனக்கு வந்த இரண்டு இந்திச் சொல்லில்: சப் மாலும். சிரித்தார். மேசையில் உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, தலை விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி சட்டென்று சாய்த்தார். கண்ணை மூடாதே என்றார். சுழன்றது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கண்மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணிகள் துடித்தனவாம். பொய் சொல்லத் தெரியாதவை என்றார்.

உள்காதில் இருக்கும் நுண்துகள்கள் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான் என்றார். தலையைப் படிப்படியாக இடப்பக்கம் உருட்டி, பக்கவாட்டில் புரட்டி, எழுப்பி உட்காரவைத்தார். இரண்டு முறை. அறை சுழலவில்லை; கூரைக் காற்றாடி நின்ற இடத்திலேயே நின்றது.

ஐந்து மாதம். பத்து நிமிடம்.

வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே என்று எச்சரித்து, நரம்பு டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கோப்பைப் புரட்டினார். காது டாக்டர் எழுதியதைப் படித்தார். என்னிடமும் கேட்டார். பிறகு, நேரில் பார்த்த சாட்சி என்று கணவர் பெயர் இருக்கிறதே, அவர் இப்போது என்ன சொல்கிறார் என்றார்.

சிரித்துவிட்டேன். தலை என்னுடையது. கண் என்னுடையது. சாட்சி நீங்கள்.

இலக்கணத்தில் உருபு மயக்கம் என்று உண்டு. ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நிற்பது. எம்.ஏ. தேர்வில் அதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். புரிந்தது இப்போதுதான்.

அவர்மேலும் குற்றமில்லை. இந்த நோயில் பார்த்தவர் சொல்வதுதான் முக்கியமாம். கணவர் கையெழுத்திட்ட தாள் வந்தால் மாற்றி எழுதி, மாத்திரையையும் மெல்லக் குறைப்பேன் என்றார். இருபத்திரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

இதோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். ஒரு வரி போதும். 'நான் பார்க்கவில்லை' என்று. இந்தியில் எழுதுங்கள். தமிழில் வேண்டாம். இதை இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டாம். அத்தைக்கு நீங்களே போன் செய்து அதையே சொல்லுங்கள். தாழ்ப்பாளை நானே பொருத்திக்கொள்கிறேன்.

பாதை வழுக்கும், பார்த்து நடங்கள். காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்து இடப்பக்கமே படுத்திருந்தேன். இந்த வாரம்தான் வலப்பக்கம் திரும்ப முடிகிறது. அது நீங்கள் படுக்கும் பக்கம். திரும்பியே படுத்திருக்கிறேன்.

ஒரு வரி எழுதுங்கள்.

வைஷ்ணவி