கருவாட்டுக் களத்தில் பந்தின் சத்தம்

இன்று காலை புதுப் பந்துக்குக் காற்றடிக்கும்போது, என்னையறியாமல் பம்பின் ஊசியை நாக்கில் வைத்து நனைத்தேன். உப்புக் கரித்தது. கடற்கரையில் வைத்திருக்கும் எந்த இரும்பும் கொஞ்ச நாளில் இந்தச் சுவைக்கு வந்துவிடுகிறது. நீ எப்போதும் அப்படித்தான் நனைப்பாய். "ஏட்டி, தண்ணி இல்லியா? துருவ நக்குதியே" என்று நான் வைவேன். நீ சிரித்துக்கொண்டே ஊசியைப் பந்தில் செருகுவாய். இன்று என்னை வைய ஆளில்லை. இருந்தாலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் இறந்தவர்களோடு பேசும் வழக்கம் கிடையாது. உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் உனக்காகப் பூசை வைத்தபோது பின்வரிசையில் நின்றேன். ஜெபிக்கவும் தெரியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. அதனால்தான் இப்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாகர்கோவிலில் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்காக நாம் ஆடிய காலத்தில் நான் அருமனை ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள், நீ கடியப்பட்டணத்துக் கடற்கரைக்காரி. நான் நெடியவள், வளையத்தடியில் நிற்பேன். நீ குள்ளம், எத்தனை பேர் மறித்தாலும் இடுப்புக்குக் கீழே புகுந்து பந்தை என்னிடம் கொண்டுவந்து தருவாய். படிப்பு முடிந்து நான் உடற்கல்வி ஆசிரியையாகத் திங்கள்சந்தைப் பக்கம் வந்தேன். நீ உன் ஊரிலேயே ததேயுஸைக் கட்டிக்கொண்டாய். அவர் சவுதிக்குப் படகு வேலைக்குப் போனார். பந்து நம் இருவர் கையிலிருந்தும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன், ஒருநாள் நீ போன் பண்ணும் வரை.

"ஏட்டி, எங்க ஊர்ல ஒரு தரை சும்மா கெடக்கு. தட்டிப் பாத்தேன், பந்து நேரா கைக்கு வருது. வா."

வந்து பார்த்தால் அது கருவாடு காயவைக்கும் சிமெண்ட் களம். சும்மா ஒன்றும் கிடக்கவில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெத்திலி பரந்து கிடந்தது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை களம் பந்து பழகும் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு, அதற்குப் பிறகு மீனுக்கு என்று அங்கே கருவாடு காயவைக்கும் பெண்களிடம் நீயே பேசி முடித்திருந்தாய். பழைய குழாய்களைப் பற்றவைத்துக் கம்பம் நட்டோம். பிள்ளைகளைத் திரட்ட வீடு வீடாகப் போனோம். அரைக்கால் சட்டை என்றதும் தாய்மார் முகம் சுளிப்பார்கள். பேச்சு உன் வேலை, உன் பின்னால் நிற்பது என் வேலை. "இவளப் பாருங்க, பந்து வெளையாடித்தான் இந்த ஒயரம் வளந்தா" என்று என்னைக் காட்டுவாய். எங்கள் வீட்டில் பந்தையே தொடாத என் தம்பி என்னைவிட உயரம் என்பது உனக்கும் தெரியும்.

நம் பந்துகளில் கருவாட்டு மணம் போகவே போகாது. வெளியூர் ஆட்டங்களில் எதிரணிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். நம் பிள்ளைகள் கூசிப்போய் நிற்கும்போது நீ அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாய்: "மணக்கட்டும். நாத்தம் தாங்காம பந்த விட்டுருவாளுவ, எடுத்துட்டு ஓடுங்க."

ததேயுஸ் அண்ணனுக்கு மட்டும் இதெல்லாம் பிடிபடவில்லை. அவர் கெட்ட மனிதரல்ல. பந்து சின்னப் பிள்ளைகளின் காரியம் என்று நினைத்தார், அவ்வளவுதான். "கல்யாணம் கழிஞ்சும் பந்து வெளையாட்டா?" என்று போனில் கேட்பார். அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் நீ களத்துக்கு வருவதைக் குறைத்துக்கொள்வாய். ஒருமுறை, பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாய்: "ஒருக்கா வந்து பாருமய்யான்னு கெஞ்சியாச்சு. ஒறக்கத்துலயிருந்து எழும்ப மாட்டேங்காரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாய்.

அந்தக் காலை பிள்ளைகள் ஓடிவந்து வளையத்தில் பந்து போடப் பழகிக்கொண்டிருந்தார்கள். "சாடுட்டி, சாடு! தரையக் கெட்டிப் பிடிச்சுட்டா நிக்க?" என்று கத்திக்கொண்டிருந்தாய். பிறகு உன் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் கிடந்த வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாய்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. மேலுக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீ நடத்து."

உன் உதடு வெளுத்திருந்தது. ஆட்டோவில் உன் தலை என் மடியில் கிடந்தது. என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாய். மணவாளக்குறிச்சி தாண்டும்போது அந்தப் பிடி விட்டது. ஓட்டுகிறவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ததேயுஸ் அண்ணன் சவுதியிலிருந்து வந்துசேரும்வரை உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஆட்டச் சீருடையில் வந்து சுற்றி நின்றார்கள். அவர் வந்து, உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். இவர்கள் யார் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் பயிற்சியைத் தொடங்கினேன். முதலில் எல்லோரும் வந்தார்கள். பிறகு ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் படிப்பு. வளையத்தின் கீழ் நாலைந்து பேர் மட்டும் நிற்கும் நிலைமை வந்தது. மாவட்ட அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால் நம் அணியின் கெட்டிக்காரி ஜெனிஷாவுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும் என்று நீயும் நானும் கணக்குப் போட்டிருந்தோம். அவளும் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அவள் அம்மா மரியசெல்வி மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிடாமல் முற்றத்திலேயே நிறுத்தினாள்.

"டீச்சரே, உங்க கூட்டுக்காரி அங்கண இருந்து போவல்ல. விடியும் முன்ன பந்து தட்டுற சத்தம் கேக்கு. கரைக்குப் போற பெண்டுவ எல்லாரும் கேட்டாச்சு. அவ நல்லவதான். ஆனா தனியா நிக்கிறா பாருங்க, பிள்ளைகளக் கூப்பிட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் ஓர் ஆசை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கேட்கிறாய். எனக்கு ஏன் கேட்கவில்லை?

மறுநாள் விடியும் முன்பே களத்துக்கு வந்தேன். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தேன். காற்று இல்லை, கடல்கூட அடங்கிக் கிடந்தது. சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் ரப்பர் மோதும் சத்தம், பிறகு அமைதி, மறுபடி ஒரு மோதல். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். அடி தாறுமாறாக விழுந்தது. பந்து கையை விட்டு உருண்டது, யாரோ அதன் பின்னால் செருப்புச் சரசரக்க ஓடினார்கள். நீ செத்துப்போயும் பந்தை அப்படித் தட்டியிருக்க மாட்டாய்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ததேயுஸ் அண்ணன் நின்றிருந்தார்.

"டீச்சரா?" என்றார். திருட்டில் அகப்பட்டவர்போலப் பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அண்ணே, ஊரே பயந்து கெடக்கு. என்ன இது?"

அவர் பந்தை மறுபடி முன்னால் கொண்டுவந்தார். "வீட்டுல அவ பந்து கெடந்துச்சு. இந்தத் தரையில அவ என்னத்தக் கண்டான்னு பாக்கலாம்னு கொண்டு வந்தேன். தெனமும் வாரேன். எங்கையில நிக்க மாட்டேங்குது" என்றார். பிறகு பந்தை என்னிடம் நீட்டினார். "அவ எப்படிப் போடுவா? ஒருக்கா காட்டித் தருவியளா?"

நான் போடும் முறை வேறு, உன் முறை வேறு. இருந்தும் உன் ஆட்டத்தை எத்தனை வருடம் பார்த்தவள் நான்! முழங்காலை உன்னைப்போல மடக்கினேன். தூரத்தில் நின்று, முழங்கையை உள்ளே இழுத்து, குள்ளச்சிகளுக்கே உரிய அந்தச் சின்னத் துள்ளலோடு எறிந்தேன். என் உயரத்துக்கு அது தேவையே இல்லாத துள்ளல். காற்றில் இருந்த அந்த ஒரு கணம் என் உடம்பு எனக்குச் சொந்தமாக இல்லை. பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது.

"கொள்ளாம்" என்று மெச்சினார் அவர். பிறகு, "கொள்ளாம்ட்டி."

அது என்னிடம் சொன்னதல்ல. நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய்ப் பந்தை எடுத்துவந்தேன். வெளிச்சம் வரும்வரை, போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றே அவர் கரைக்குப் போய், மீன் ஏலம் நடக்கும் இடத்தில், பெண்கள் மத்தியில் சொன்னார்: "அந்தச் சத்தம் நாந்தான். என் பெஞ்சாதி ஆரையும் கூப்பிடல்ல. கூப்பிட்டதெல்லாம் என்னத்தான், நாந்தான் போவல்ல." ஓர் ஆண்பிள்ளை அங்கே நின்று அழுவதை அவர்கள் கண்டதில்லை. மரியசெல்வி தன் தலைச்சும்மாட்டை எடுத்து அவரிடம் கொடுத்து, "மொகத்தத் தொடையும் மக்கா" என்றாளாம். மறுநாள் ஜெனிஷாவை அவளே களத்துக்குக் கொண்டுவந்து விட்டாள்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. சிலர், பெண்டாட்டி பெயரைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறார் என்று நம்பினார்கள். ஆனாலும் ஓர் அணிக்கு ஆள் சேர்ந்தது. ஜெனிஷா தேர்வானாள், இப்போது விடுதியில் இருக்கிறாள். ததேயுஸ் அண்ணன் சவுதி போகும்வரை தினமும் களத்துக்கு வந்து மீன் செதிலைப் பெருக்கி வைத்தார். போன பிறகும் ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் வரும். "செயிச்சியளா?" என்று மட்டும் கேட்பார்.

உன்னிடம் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. ஆட்டத்துக்கு நடுவே இடைவேளை கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டும்போது, நாம் இரண்டு பேரும் ஒரே பேச்சை ஆளுக்குப் பாதியாகச் சொல்வோமே. என்ன தவறு என்று நான் தொடங்குவேன், என்ன செய்யவேண்டும் என்று நீ முடிப்பாய். இன்றும் நான் என் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறேன். மறுபாதியைச் சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. வாய்தான் திறப்பதில்லை. பழைய பிள்ளைகளுக்கு இது புரியும், தலையைக் குனிந்துகொள்வார்கள். இந்த வருடம் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் உன்னைக் கண்டதே இல்லை. இடைவேளை என்றாலே இப்படித்தான் போலும் என்று நினைத்து, விசில் ஊதும்வரை அவர்களும் என் பக்கத்தில் காலியாக இருக்கும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.