அம்மன் கயிறும் சிகப்பியின் இடது கையும்

பாடாங் செராய்
12.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் கத்தினாலும் உன் காதில் ஏறுவதில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் சுங்கைப்பட்டாணி போய் டயாலிசிஸ். அதற்காக இடது மணிக்கட்டில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் மோட்டார் மாதிரி உறுமும். இரத்தம் சுத்தமாக அந்த ஒரு வழிதான்.

கல்யாணமாகி இந்த மலேசியாவுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஒரு தடவையாவது உன் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். காரைக்குடியிலும் டயாலிசிஸ் உண்டாம். பொங்கலுக்குக் கூட்டிப்போவதாக மகன் கவின் சொல்கிறான்.

உன் தங்கை,
சிகப்பி

தேவகோட்டை
2.11.2024

அடி சிகப்பி,

வா. உன்னால் மாடி ஏற முடியாது, என் கட்டிலிலேயே படுத்துக்கொள். நீ நல்லபடி வந்து சேர அம்மனுக்கு நேர்ந்து, காப்புக் கயிறு வாங்கி இதில் வைத்திருக்கிறேன். பொம்பளைக்கு இடது கை. நன்றாக இறுக்கிக் கட்டு. நம் வாசல் மிதிக்கும்வரை அவிழ்க்காதே.

கலைமகள்

பாடாங் செராய்
1.12.2024

அன்புள்ள அக்கா,

கயிறு கட்டினேன். அந்தக் கையில் வளையல்கூடப் போடக் கூடாது என்று சொல்லித்தான் இருந்தார்கள். அம்மன் கயிறு என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டேன். வலது கையில் கட்டவும் மனசு வரவில்லை.

மறுநாள் கை உறுமவில்லை. நர்ஸ் தேவகி கயிற்றை வெட்டிவிட்டு, "என்னாம்மா இது, சொன்னேன்லா? ரத்தம் கட்டிப் போச்சு" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை, பாவம்.

இப்போது கழுத்தில் குழாய். மறு கையில் ஆபரேஷன் செய்து, அது சரியாக மாசக்கணக்காகுமாம். அதுவரை பயணம் கூடாது. கவினுக்கு உன்மேல் கோபம். கட்டிக்கொண்டது நான்தான் என்று சொன்னேன்.

சிகப்பி

தேவகோட்டை
20.12.2024

சிகப்பி,

எழுதவே கை வரவில்லை. என் வாயால் சொல்லி உன் கையைக் கெடுத்தேன். நானே வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த வயதில் விமானம் ஏறப் பயம்தான். உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

கலைமகள்

பாடாங் செராய்
8.1.2025

அக்கா,

வர வேண்டாம். கோபமில்லை, சத்தியமாக.

மெஷினிலிருந்து வந்த நாள் பிணம் மாதிரிக் கிடக்கிறேன். மறுநாள் கொஞ்சம் நடமாடுவேன். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். நீ வந்தால் என் கழுத்தைப் பார்த்து அழுவாய். நான் உன்னைத் தேற்ற வேண்டும். அதற்குத் தெம்பில்லை. "பெரியம்மா வரட்டும்மா, ஒங்களுக்கும் சந்தோசமா இருக்கும்லா" என்று கவினே இப்போது சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும், சந்தோஷப்படவும் உடம்பு வேண்டியிருக்கிறது.

எழுது அக்கா. என்ன சமைத்தாய், பக்கத்து வீட்டில் என்ன சண்டை, அதையெல்லாம் எழுது. உடம்பு எப்படி என்று மட்டும் கேட்காதே.

சிகப்பி