திதிக்கு வந்த டப்பா

ஹுவே, மார்ச் 3

லொவானுக்கு,

அக்கா எழுதுறேன். போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறோம், அதான் உங்க ஊரு தா நாங் போற பஸ்காரர்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன்.

அப்பா திதிக்கு வீட்டுலேர்ந்து டப்பாவுல சோறு கட்டிக்கிட்டு வந்தியே, உனக்கே நல்லாயிருக்கா? அப்பாவுக்குப் படைச்சதை ஒரு வாய் தொடலை. சித்தப்பா எல்லார் முன்னாடியும், "ஏம்மா, அக்கா வீட்டுல விஷமா வைக்கிறாங்க?"ன்னு கேட்டுட்டார். என் மானமே போச்சு.

கேட்டா, வயிறு ஒத்துக்கலை, டாக்டர் சொன்னார்ங்கிற. குடலுக்கு எதுக்குடி டாக்டர்? என்னைப் பாரு. கல்யாணமானதுலேர்ந்து புத்தர் கோயில் சாப்பாடுதான். கறி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ஒரு மாசம் சாப்பிட்டுப் பாரு. இன்னொரு தடவை டப்பாவோட வந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.

துயெத்

தா நாங், மார்ச் 8

அக்கா,

போன வருஷம் உன் வீட்டு நூடுல்ஸ் சூப்பைக் குடிச்சிட்டு, வழியில லாங் கோ ஊரைத் தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். அந்த டிரைவர் இன்னும் என்னைப் பார்த்தா சிரிக்கிறான். இது உனக்குத் தெரியுமா?

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? வெங்காயம், பூண்டு, காளான், கோதுமை, பயறு எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்தணும். அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்து, எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கணும். உன் கோயில்லயும் வெங்காயம், பூண்டு கிடையாது. பாதி வழி ஒண்ணுதானே, எதுக்கு இந்தச் சண்டை? சரி, உனக்காக ஒரு மாசம் கோயில் சாப்பாடே சாப்பிடுறேன்.

லொவான்

தா நாங், ஏப்ரல் 14

அக்கா,

உன் கோயில் சாப்பாடு என்னைப் படுக்க வச்சிடுச்சு. காளான், பயறு, கோதுமையில செஞ்ச பொய்க்கோழி. வயிறு பானையாட்டம் ஊதிப் போய், நாலு நாள் வேலைக்கே போகலை. "பூண்டை விட்டுட்டுக் காளானைப் பிடிச்சீங்களா?"ன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார்.

எனக்கு வெறுத்துப் போச்சு. எதைத் தின்னாலும் வலி, தின்னலைன்னா அவமானம். ஆகஸ்ட்ல அம்மா திதிக்கு நான் வரலை. உன் வாசல்ல நிக்க எனக்குத் தெம்பில்லை.

ஒண்ணு மட்டும் கேக்குறேன், மறைக்காம சொல்லு. நீ எப்படித் தாங்குற? அப்பா திதியன்னிக்குக்கூட பாதிப் பந்தியில மாடிக்குப் பிரார்த்தனைக்குப் போயிட்ட. சாப்பிட்டதும் உனக்கு மட்டும் ஏன் பக்தி வருது?

லொவான்

ஹுவே, ஏப்ரல் 20

லொவான் கண்ணு,

மாடியில புத்தர் இருக்கார். பக்கத்துலயே கக்கூஸும் இருக்கு.

புதுசா வந்த மருமக வயித்து வலின்னு சாப்பிடாம இருந்தா, மாமியார் திமிர்னு சொன்னாங்க. விரதம்னு சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டேன். கறியை விட்டேன், மீனை விட்டேன், வயிறு மட்டும் என்னை விடலை. இதை உன் மச்சானுக்குக்கூடச் சொன்னதில்லை.

உன் மேல எனக்குப் பொறாமைடி. அத்தனை பேர் பார்க்க அந்த டப்பாவைத் திறந்து, நிம்மதியாச் சாப்பிட்டியே. எனக்கு அழுகையா வந்துச்சு. அதைத்தான் கோபமா எழுதிட்டேன்.

அம்மா திதிக்கு வந்துடு. கொஞ்சம் பெரிய டப்பாவா எடுத்துக்கிட்டு வா. சித்தப்பா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்கும் சேர்த்துக் கட்டு. இஞ்சி போட்டு மீன் அவிச்சிருந்தியே, அதையும் வை.

அக்கா