மஸ்கட்டிலிருந்து வந்த ஆங்கில வரி

வாழவந்தி,
9.12.1986

தேவகுமாரியின் அப்பாவுக்கு, சாந்தாமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஏதோ இருக்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒப்பந்தம் முடியாமல் கம்பெனி ஊருக்கு விடாது என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, உங்கள் சூப்பர்வைசர் அடிக்கடி சொல்லும் வரி என்று ஒன்றை ஆங்கிலத்திலேயே எழுதி, அதன்படி நடந்துகொள் என்று புத்தி சொல்லியிருந்தீர்கள். தேவகுமாரிதான் அர்த்தம் சொன்னாள். சர்க்கஸ்காரன் நாலைந்து பந்தை மாற்றி மாற்றி மேலே எறிந்து, ஒன்றையும் கீழே விடாமல் பிடிப்பானே, அப்படி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டுமாம். நல்லது. அந்த சூப்பர்வைசர் வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த மாமனார் இல்லை போலிருக்கிறது.

மாமாவுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட ஒரு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். காப்பிப் பழம் பறிப்போ மும்முரம். நான் சில நாள் வேலைக்குப் போகவில்லை என்றதும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, ஊட்டுக்கு ஒரு ஆளாவது பறிப்புக்கு வந்தாத்தானுங்க எஸ்டேட்டு குடுத்த லைன் ஊடு நிக்கும். இல்லீன்னா காலி பண்ணச் சொல்லிருவாங்க, நான் என்னங்க பண்ணட்டும்" என்றார். அவர்மேல் கோபப்பட்டு ஆவதென்ன?

அதனால் ஒரு காரியம் செய்தேன். கைப்பிள்ளைக்காரிகள் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பழம் பறிப்பார்களே, அந்த சில்வர் ஓக் மரத்தடிக்கு மாமாவையும் கொண்டுபோய்ச் சாக்கு விரித்துப் படுக்கவைத்தேன். பக்கத்து வீட்டு வெள்ளையன் அண்ணன்தான் தூக்கி வந்தார். பிள்ளைக்காரிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தாய்மார்கள் ஓடிவந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனார்கள். மாமாவை நான் ஒருத்தி எப்படித் தூக்குவது? அண்ணன் வரும்வரை நனைந்துகொண்டே கிடந்தார். அன்று பிடித்த நெஞ்சுச் சளி இன்னும் விடவில்லை.

மறுநாள் காலையில் தேவகுமாரி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை. என் கூடையை எடுத்துக்கொண்டு, "நீ தாத்தாவப் பாரும்மா, உன் பேர்ல நான் பறிப்புக்குப் போறேன்" என்றாள். போகாதே கண்ணு என்று என் வாயில் வரவில்லை. பறிப்புக்குக் கட்டும் சாக்கை நானே அவள் இடுப்பில் கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூடத்து சிஸ்டர் வந்து, கிறிஸ்துமஸ் கழித்தாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். சரிங்க சிஸ்டர் என்றேன். பறிப்பு முடிந்தாலும் கிளை வெட்டும் கவாத்து வரும், களையெடுப்பு வரும். லைன் வீட்டுக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும். மாமா பிழைக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்கிறேன். நடுவில் வேறு நினைப்பு வந்துவிடுகிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டாள். அடுத்த கடிதத்தில் பிள்ளைக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள். பரீட்சை எப்போது என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சாந்தாமேரி